மூன்று தரம் கேட்ட கேள்வி

தம்பி,

நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன காலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரல் வைத்து வாசித்தாய். இப்போதும் அப்படித்தான் வாசிப்பாய். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் பெருவிரலால் தள்ளித் தள்ளி ஒரு நிமிடத்தில் கடைசி வரிக்குப் போய்விடுவாய். ஞாயிறு காலை அப்பா உன்னை ஏற்றிக்கொண்டு எல்லையைத் தாண்டப் போகிறார். அதற்கு முன் இதை முழுதும் வாசித்துவிடு.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை நேரில் சொல்லத்தான் ஒரு கிழமையாக வாயைத் திறக்கிறேன். ஒவ்வொரு தரமும் "சாப்பிட்டியா" என்பதுதான் வருகிறது. நீ தூரப் போகிறாய் என்ற பயம் இல்லை இது. ஈரி ஏரியைச் சுற்றிக்கொண்டு ஆறு மணித்தியாலத்தில் உன்னிடம் வந்துவிடலாம். என் பயம் ஒரு சின்னச் சதுரப் பெட்டியில் இருக்கிறது. போன கிழமை நீ சாப்பாட்டு மேசையில் இருந்து உன் கல்லூரி அணியின் மருத்துவப் படிவத்தை நிரப்பினாய். தலையில் அடிபட்டு மயக்கமோ மறதியோ வாந்தியோ எப்போதாவது வந்ததுண்டா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. நீ "இல்லை" என்ற பெட்டியில் சரி போட்டாய். போட்டுவிட்டு, தலை நிமிராமலே, "சேம் அஸ் பிஃபோர்தானே அம்மா?" என்றாய். நான் அடுப்படியில் கீரை மசித்துக்கொண்டு "ஓம்" என்றேன்.

அந்த ஓம் பொய். உனக்கு அந்தப் பொய்யைப் பழக்கியவள் நான்.

உன் அப்பாவுக்கு உன் விளையாட்டு முதலில் பகிடியாக இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். "பேர் புட்போல். காலாலை ஒருத்தனும் அடிக்கிறானில்லை. கடையிலை களவெடுத்தவன் மாதிரி பந்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு ஓடுறாங்கள்" என்பார். பிறகு நீ பள்ளிக்கூட அணியில் இடம்பிடித்ததும், பாண் சுடும் தொழிற்சாலையில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு ஒவ்வொரு மட்சுக்கும் வந்து நின்றவரும் அவர்தான். நானும் வந்தேன். கடைசி வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். நான் ஒரு நாளும் பந்தைப் பார்த்ததில்லை. உன் முதுகில் இருந்த இலக்கத்தை மட்டும் பார்த்தேன். பொடியன்கள் குவியலாக விழுந்தால் அதற்குள்ளிருந்து அந்த இலக்கம் எழும்பும் வரை மூச்சு விட மாட்டேன். இரண்டு ஹெல்மெட்டுகள் மோதும் சத்தம் கார்க் கதவை அடித்துச் சாத்துவது போல இருக்கும். இன்றைக்கும் கடைப் பார்க்கிங்கில் யாராவது கதவை அடித்துச் சாத்தினால் நான் திரும்பி உன்னைத்தான் தேடுகிறேன். நீ வீட்டில் இருக்கிறாய் என்று தெரிந்திருந்தும் தேடுகிறேன்.

நீ பத்தாம் வகுப்பில் இருந்தபோது நடந்த அந்த ஒக்டோபர் மட்சைப் பற்றி நாங்கள் பிறகு பேசியதே இல்லை. உனக்கு அதில் எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. அதனால் நான் கண்டதை எழுதுகிறேன். ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதி, முடியும் தறுவாய். உன்னிலும் இரண்டு மடங்கு பெரிய ஒருவன் பக்கவாட்டில் வந்து உன் தலையில் மோதினான். நீ விழுந்தாய், உடனே எழும்பினாய். எழும்பி மற்ற அணிக்காரர் நின்ற பக்கத்துக்கு நடந்து போனாய். சனம் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். "வெண்டுபோட்டம் எண்ட சந்தோசத்திலை திசை மாறிப் போறான்" என்றார். நான் சிரிக்கவில்லை. நான் நேர்ஸ், தம்பி. கடைசி வரிசையில் இருந்தே உன் நடை எனக்குப் பிடிக்கவில்லை.

காரில் ஏறியதும், மட்சில் யார் வென்றதென்று தெரியாதவன் போல, "ஆர் வெண்டது?" என்று கேட்டாய். "நீங்கள்தான்" என்றேன். மோர்னிங்சைட் சந்திச் சிவப்பு விளக்கில் நின்றபோது "அம்மா, ஆர் வெண்டது?" என்றாய். அப்பா கண்ணாடியில் உன்னைப் பார்த்தார். சந்தி தாண்டி ஒரு நிமிடம் போயிருக்காது, புதிதாகக் கேட்பது போல அதே குரலில், "ஆர் வெண்டது?" பிறகு காரை நிறுத்தச் சொல்லிப் புல்லில் வாந்தி எடுத்தாய். நான் உன் நெற்றியைத் தாங்கிக்கொண்டு நின்றேன். அங்கிருந்து ஆஸ்பத்திரி ஐந்து நிமிடம். அதன் பெயர்ப் பலகை அங்கிருந்தே தெரிந்தது.

நீ அழுதாய். "கோச்சிட்டச் சொல்லாதேங்கோ அம்மா. ஆஸ்பத்திரிக்குப் போனா விளையாடக்கூடாது எண்டு லெட்டர் குடுப்பினம். பிறகு என்னை எடுக்க மாட்டினம். ப்ளீஸ் அம்மா." அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "நீர் நேர்ஸ்தானே. நீர் பாத்தால் காணும். காய்ச்சல் எண்டு பள்ளிக்கூடத்துக்குச் சொல்லுவம்" என்றார். நான் அவரை மறுக்கவில்லை. நான்கு நாள் உன் அறை யன்னலைப் போர்வையால் மூடினேன். ஃபோனைப் பறித்து வைத்தேன். வேலைக்கு லீவு போட்டு உன் கட்டிலருகே இருந்து உன் பெயர், பிறந்த நாள், வீட்டு இலக்கம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் நீ "அம்மா, நான் ஓகே. சும்மா பொலிஸ் மாதிரிக் கேளாதேங்கோ" என்று சிரித்தாய். கடவுளே என்று இருந்தது. நாங்கள் தப்பிவிட்டோம் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் பள்ளிக்கூடத்திலிருந்து படிவம் வந்தது. இதே கேள்வி, இதே இரண்டு பெட்டிகள். பேனையை எடுத்தேன். எனக்கு முதலில் வந்த யோசனை உன் தலையைப் பற்றியது அல்ல. போன வருடப் படிவத்தில் என்ன எழுதினோம் என்பதுதான். போன வருடம் "இல்லை" என்று எழுதியிருந்தேன், அப்போது அது உண்மை. இப்போது "ஓம்" என்று போட்டால், எப்போது, எங்கே, ஏன் காய்ச்சல் என்று சொன்னீர்கள் என்று கேட்பார்கள். இரண்டு தாளும் பொருந்தாது. பொருந்தாத தாள் என்றால் எனக்குப் பயம். "இல்லை" என்று போட்டேன்.

ஏன் பயம் என்று உனக்குச் சொல்ல வேண்டும். இது காரணம் மட்டும்தான், மன்னிப்புக்காகச் சொல்லவில்லை. எனக்குப் பதினைந்து வயதில் நானும் என் அப்பாவும், உன் அம்மப்பா, ரொறன்ரோவில் பார்க்டேல் பக்கம் ஒரு அறையில் இருந்தோம். அகதி விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள். எங்கள் வீட்டில் ஷெல் விழுந்தது ஆவணி மாதம். ஆனால் வந்திறங்கிய புதிதில் படிவத்தை நிரப்பித் தந்தவர் அவசரத்தில் மே என்று எழுதிவிட்டார். அதை அம்மப்பா கண்டுபிடித்தபோது தாள் போய்விட்டது. திருத்தலாம் என்று லோயர் சொன்னார். அம்மப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "முதல் சொன்னதை மாத்தினால் பொய்க்காரர் எண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் பிள்ளை. மே எண்டால் மே" என்றார். ஒவ்வொரு நாளும் சாப்பிட முன் என்னை நிற்க வைத்துக் கேட்பார், "எந்த மாசம்?" நான் "மே" என்பேன். விசாரணையில் இருவரும் மே என்றோம். எங்களை ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் அவர் மே என்றே சொல்லி வந்தார். வீட்டில், சொந்தக்காரரிடம், ஏன், அந்த ஷெல்லில் போனவர்களின் திவச வீட்டில்கூட. நடந்ததைவிட எழுதியதுதான் எங்களைக் காப்பாற்றியது என்று நான் படித்துக்கொண்டேன். உன் படிவத்தில் கையெழுத்து வைத்தது பதினைந்து வயதில் சாப்பாட்டுக்கு முன் எழும்பி நின்ற அந்தப் பிள்ளைதான்.

இனி, என் வேலையிடத்தில் இருக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயரை எழுதக்கூடாது, அதனால் ரே என்று மாற்றி எழுதுகிறேன். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் என் தளத்தில் இரண்டு வருடமாக இருக்கிறார். எழுபத்தெட்டு வயது அமெரிக்கர். கை ஒன்று என் இரண்டு கையளவு. காலையில் தரையைத் துடைத்து ஈரவாசம் வரும்போது சில நாட்களில் நடைகூடத்தில் குந்துவார். இடக்கை முழங்காலில், வலக்கை விரல்கள் தரையில், தலை நிமிர்ந்து. அப்படியே நின்று, ஆட்டம் தொடங்க முன் களத்தில் கத்துவது போல, இலக்கங்கள் சொல்லுவார். உன் அணி தொடக்கக் கோட்டில் அப்படிக் குந்தி நிற்பதை நான் பார்த்திருக்காவிட்டால் அவர் விழப்போகிறார் என்று மட்டும்தான் நினைத்திருப்பேன். மெல்லத் தூக்கிக் கதிரையில் இருத்துவேன். இருந்ததும் என் கையைப் பிடித்து, "யார் வென்றது?" என்பார். "நீங்கள்தான்" என்பேன். மாத்திரை கொடுக்க முன் ஒரு தரம், கொடுத்த பின் ஒரு தரம், மறுபடியும் கேட்பார். ஒவ்வொரு தரமும் புதிதாக. முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அவர் குரலில் காரின் பின் இருக்கையில் இருந்த நீ பேசினாய்.

அவருடைய மனைவி ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்கு ஒரு டப்பாவில் பேரிக்காய் நறுக்கிக் கொண்டு வருவார். நீ படிவம் நிரப்பிய மறுநாள், வேலை கொஞ்சம் ஓய்ந்திருந்தபோது, நான் அவரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். என் மகனும் விளையாடுகிறான், அமெரிக்கக் கல்லூரி ஒன்று முழுச் செலவோடு எடுத்திருக்கிறது என்று. அவர் வாழ்த்துச் சொன்னார். பேரிக்காய்த் துண்டொன்றை ரேயின் கையில் வைத்தார். பிறகு இதைச் சொன்னார்.

ரே ஒகாயோவில் ஒரு இரும்பாலைத் தொழிலாளியின் மகன். அவரையும் ஒரு கல்லூரி விளையாட்டுக்காக முழுச் செலவோடு எடுத்தது. வியட்நாம் போர் நடந்த காலம். கல்லூரியில் படிக்கிறவனைப் படைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆகவே அணியில் இருந்தால்தான் கல்லூரி, கல்லூரியில் இருந்தால்தான் உயிர். அடி பட்டால் சொல்ல மாட்டார்கள். களத்தின் ஓரத்தில் பயிற்சியாளர் விரல் காட்டி எத்தனை என்று கேட்பாராம். அவர் எப்போதும் இரண்டு விரல்தான் காட்டுவார் என்று அணியில் எல்லோருக்கும் தெரியும். கண் தெரியாவிட்டாலும் "இரண்டு" என்றுவிட்டு உள்ளே போவார்களாம். ரே மூன்று வருடம் இரண்டு என்று சொன்னார். அவருடைய கோப்பில் மூன்று வருடமும் காயம் இல்லை என்று எழுதப்பட்டது.

மூன்றாம் வருடம் புத்தகத்தில் வரிகள் ஆடத் தொடங்கின. ஒரு பக்கத்தை முடிக்க முடியவில்லை. பரீட்சைகளில் தவறினார், கல்லூரி விலக்கியது, அடுத்த மாதமே படையிலிருந்து கடிதம் வந்தது. உடற்பரிசோதனையில், ரே வாழ்க்கையிலேயே முதல் தரமாக உண்மையைச் சொன்னாராம். தலையிடி, கண் இருட்டுவது, சொன்னதை மறப்பது, எல்லாம். டொக்டர் கேட்டுவிட்டு, "எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்றார். கல்லூரிக் கோப்பை எடுத்துப் பார்த்தார்கள். மிக ஆரோக்கியமானவர் என்று இருந்தது. போருக்குப் போகத் தகுதி என்று முத்திரை குத்தினார்கள். அந்த மாதக் கடைசியில் ரே ஒரு பையோடு நயாகராப் பக்கத்துப் பாலத்தைக் கடந்து ரொறன்ரோவுக்கு வந்தார். திரும்பிப் போனால் மறியல், சிறைவாசம். அவருடைய தாய் இறந்தபோதும் போக முடியவில்லை. போருக்குப் போகாமல் ஓடியவர்களுக்குப் பொது மன்னிப்பு அதற்கு அடுத்த வருடம்தான் வந்தது.

"எங்கே வந்து இருந்தார்?" என்று கேட்டேன்.

"பார்க்டேலில். ஒரு அறை" என்றார்.

"நாங்களும் முதலில் அங்கேதான் இருந்தோம்" என்றேன். அவர் முதல் தரமாகச் சிரித்தார். "எலிகள் உங்கள் காலத்திலும் இருந்தனவா?" என்று கேட்டார். இருந்தன என்றேன். ரேயும் சிரித்தார், எதற்கு என்று தெரியாமல்.

அந்த விளையாட்டுத்தான் இவரை இப்படி ஆக்கியதா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "டொக்டர்மார் உறுதியாகச் சொல்வதில்லை. விளையாடாத கிழவர்களும் மறக்கிறார்கள்தானே. ஆனால் நான் அவரைக் கட்டும்போது அவருக்கு முப்பது வயது. அப்போதே தச்சு வேலைக்குப் போகும் வழியைக் கையில் எழுதிக்கொண்டு போவார்." பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் பிள்ளைக்கு எப்போதாவது அடிபட்டிருக்கிறதா?" என்றார். நான் வாயைத் திறந்தேன். முந்தினமாதிரியே "இல்லை" என்று வந்தது. யோசிக்க முன்னமே வந்தது. யாரும் படிவம் நீட்டவில்லை, தம்பி. பேரிக்காய் டப்பாவோடு இருந்த ஒரு மனிசிக்குக்கூட நான் இல்லை என்றேன்.

அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் உன்னைக் கள்ளமாகப் பார்க்கிறேன். சோறு போடும்போது உன் இரண்டு கண்மணியும் ஒரே அளவா என்று பார்க்கிறேன். நீ கார்ச் சாவியைத் தேடினால் கூடவே வந்து நின்று பார்க்கிறேன். பத்தொன்பது வயதுப் பொடியன் எல்லோரும் சாவியைத் தொலைப்பார்கள் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். போன இலையுதிர் காலத்தில் மூன்று நாள் நீ அறையில் லைட் போடாமல் இருந்தாயே, கண் கூசுது, ஃபோன் பார்த்தது கூடிப்போச்சு என்றாயே, அது என்ன? நான் அப்போது கேட்டேன். "ஒண்டுமில்லை அம்மா, சில் பண்ணுங்கோ" என்றாய். நீயும் எனக்கு "இல்லை" என்ற பெட்டியில் சரி போட்டாய். என்னிடம் படித்ததை என்னிடமே காட்டினாய். உன் தலைக்குள் எத்தனை அடி இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியாது. என் பயத்தில் பெரிய பயம் அதுதான்.

ஆகவே நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். இந்தப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பில் தலையில் அடிபட்டது, திசை தெரியாமல் நடந்தான், ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டான், வாந்தி எடுத்தான், நான்கு நாள் இருட்டில் வைத்திருந்தேன், டொக்டரிடம் காட்டவில்லை, அதன் பிறகு வந்த பள்ளிக்கூடப் படிவங்களில் "இல்லை" என்று எழுதியது நான், அது பொய், என்று. உன் கல்லூரி டொக்டருக்கு நானே அனுப்பலாம் என்றும் நினைத்தேன். விலாசம் படிவத்தின் மேலேயே இருக்கிறது. இரண்டு தரம் உறையில் போட்டேன், இரண்டு தரமும் வெளியே எடுத்தேன். நான் அனுப்பினால் உண்மை போய்ச் சேரும். ஆனால் அதற்குப் பிறகு நீ எனக்கு ஒரு தலையிடியையும் சொல்ல மாட்டாய். அங்கே உனக்கு அடிபடும்போது நான் கடைசி வரிசையில் இருக்கப் போவதில்லை. நீ வாய் திறந்தால்தான் உண்டு. அதனால் தாளை உன் நீலக் கோப்பில், உன் படிவத்தின் மேல் வைத்திருக்கிறேன். படிவத்தில் நான் கை வைக்கவில்லை, அது உன் கையெழுத்து. முதல் நாள் டொக்டரிடம் கோப்பைக் கொடுக்கும்போது இரண்டையும் கொடு. பெட்டியை மாற்றிப் போடு. போன இலையுதிர் காலத்தையும் சொல்லு.

அவர்கள் பரிசோதித்துவிட்டு விளையாடு என்று சொல்லலாம். கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம். வேண்டாம் என்றும் சொல்லலாம், இடமும் போகலாம். எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி உனக்கு ஆறுதல் சொல்லவும் மாட்டேன். உனக்கு அது உலகம் இடிவது போல இருக்கும். நீ என்னை வெறுக்கவும் கூடும். அதற்கும் பயமாகத்தான் இருக்கிறது. அப்பாவுக்குச் சொன்னேன். "ஊரெல்லாம் சொல்லியாச்சு. கோயில்லை மைக்கிலை வேறை சொன்னவங்கள். இப்ப என்ன விசர்க் கதை கதைக்கிறீர்" என்று எழும்பிப் போய்க் காரைக் கழுவினார். நேற்றுத்தான் கழுவிய கார். இன்னும் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. அவரில் கோபப்படாதே. அவரும் பயந்தவர்தான், அவருக்குக் கழுவ ஒரு கார் வேண்டியிருக்கிறது.

அந்தத் தாளை அம்மப்பாவுக்கும் தமிழில் வாசித்துக் காட்டினேன். என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். முதல் சொன்னதை மாத்தாதே என்பார் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். திரும்பப் போட்டார். "அது ஆவணி, பிள்ளை" என்றார். "ஆவணியிலைதான் விழுந்தது." முப்பது வருடத்துக்கு மேல் கழித்து அந்த மாதத்தை அவர் வாயிலிருந்து கேட்டேன். சொல்லிவிட்டு வாசல் கதவைப் பார்த்தார், யாராவது வருகிறார்களா என்று பார்ப்பது போல. ஒருவரும் வரவில்லை. நான் தேத்தண்ணி போடப் போனேன்.

ஞாயிறு நீ கடக்கப் போவதும் ரே வந்த அதே பாலம்தான். நீ எதிர்ப்பக்கமாகப் போகிறாய், சந்தோசமாகப் போகிறாய். பாலத்தில் அதிகாரி கேட்பதற்கெல்லாம் மறுமொழி சொல்லு, பகிடி விடாதே. சாப்பாட்டுப் பையில் இடியப்பமும் சம்பலும் வேறு வேறு டப்பாவில் இருக்கிறது. கோப்பு முன் இருக்கையில் இருக்கும்.

அவர்கள் உன்னை விளையாட விட்டால், ஒவ்வொரு மட்சும் முடிந்ததும் எனக்குப் போன் எடு. குளிக்க முன் எடு. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். ஆர் வெண்டது என்று கேட்பேன். நீ அதற்கு மறுமொழி சொன்னால் போதும், தோற்றாலும் பரவாயில்லை. அந்தக் கேள்வியை நான்தான் கேட்க வேண்டும், தம்பி. நீ என்னிடம் கேட்கக்கூடாது.

அம்மா